சுவரை இடித்து வந்த கார்

1896-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி. பொழுது இன்னும் விடியவில்லை.

அமெரிக்காவில் உள்ள டெட்ராய்ட் நகரம் தூங்கிக்கொண்டு இருந்தது. ஒரு வாடகை வீட்டின் கொல்லைப்புறத்தில் மட்டும் ஒரே சத்தம். அங்கே ஒரு செங்கல் கொட்டகை. ஒரு மனிதர் கோடரியை எடுத்து அதன் சுவரை இடித்துக்கொண்டு இருந்தார்.

அவர் திருடர் அல்ல. அந்த வீட்டில் குடி இருப்பவர்தான்.

அந்தக் கொட்டகைக்குள் அவர் ஒரு வண்டி செய்தார். வேலை முடிந்து, ஓட்டிப் பார்க்கலாம் என்று வண்டியைத் தள்ளினால், வாசல் சிறியது, வண்டி பெரியது! இரவு பகலாக வண்டியை அளந்து அளந்து செய்தவர், வாசலை அளக்க மறந்துவிட்டார்.

சுவர் விழுந்தது. வண்டி வெளியே வந்தது. அதற்கு நான்கு சைக்கிள் சக்கரங்கள். திருப்புவதற்குப் படகுத் துடுப்பு போல ஒரு கைப்பிடி. பிரேக் கிடையாது. பின்னால் நகரவும் வழி கிடையாது. எதிரே குதிரை வண்டி வந்தால் எச்சரிப்பதற்காக ஒரு நண்பர் சைக்கிளில் முன்னால் போனார். வாசலில் நின்று மனைவி பார்த்துக்கொண்டு இருந்தார்.

சுவரை இடித்தது தெரிந்ததும் வீட்டுக்காரர் கோபமாக வந்தாராம். வண்டியைப் பார்த்ததும் கோபம் போய்விட்டதாம். சுவரை அடைக்க வேண்டாம், பெரிய கதவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

சுவரை இடித்த அந்த மனிதர்தான் ஹென்றி போர்டு. அப்போது அவருக்கு 32 வயது.

மோட்டார் காரைக் கண்டுபிடித்தவரே போர்டுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-ம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிக்கு உரிமை பதிவு செய்துவிட்டார். டெட்ராய்ட் நகரத் தெருவிலும், போர்டுக்கு மூன்று மாதம் முன்னதாக வேறு ஒருவர் மோட்டார் வண்டி ஓட்டிக் காட்டினார். ஆனால் அந்தக் கார்கள் எல்லாம் பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான்கள். உழவர் வீட்டு வாசலிலும், தொழிலாளி வீட்டு வாசலிலும் காரைக் கொண்டுவந்து நிறுத்தியவர் போர்டு.

ஆணியில் செய்த திருப்புளி

டெட்ராய்டுக்குப் பக்கத்தில் டியர்பார்ன் என்ற ஊர். அங்கே 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஹென்றி பிறந்தான். தகப்பனார் வில்லியம், அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு வந்தவர். காடு திருத்தி, நிலம் உழுது முன்னுக்கு வந்தவர். மூத்த மகன் தன்னைப் போலவே நிலத்தைப் பார்த்துக்கொள்வான் என்று நம்பினார்.

மகனுக்கோ வயல் வேலை பிடிக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு இவ்வளவுதானா கிடைக்கிறது என்று நினைத்தான். இயந்திரம் என்றால் அவனுக்கு உயிர். அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் கடிகாரம் நின்றாலும் அவனிடம்தான் வரும். ஆணியை ராவித் திருப்புளி செய்துகொண்டு கடிகாரத்தைப் பிரிப்பான். மறுபடியும் ஓட வைப்பான்.

மகனின் மனதை அறிந்தவர் தாயார் மேரி. 1876-ம் ஆண்டு பிரசவத்தில் அந்தத் தாய் இறந்துவிட்டார். ஹென்றிக்கு அப்போது 12 வயது. அந்த வீட்டை அவன் கடைசிவரை மறக்கவில்லை. இந்தக் கதையில் அந்த வீடு மறுபடியும் வரும்.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. தகப்பனாருடன் குதிரை வண்டியில் போனபோது, எதிரே ஒரு நீராவி இயந்திரம் சாலையில் தானே நகர்ந்து வந்தது. இழுக்கக் குதிரை இல்லை! வண்டி நிற்பதற்குள் ஹென்றி கீழே குதித்துவிட்டான். இயந்திரம் ஓட்டியவரிடம் போய்க் கேள்விமேல் கேள்வி கேட்டான்.

16 வயதில் வீட்டை விட்டு டெட்ராய்டுக்குப் போனான். பட்டறையில் வேலை கிடைத்தது. சம்பளம் அறை வாடகைக்குக்கூடப் போதவில்லை. அதனால் இரவில் ஒரு நகைக்கடையில் கடிகாரம் பழுது பார்த்தான்.

சமையலறையில் என்ஜின்

1888-ம் ஆண்டு கிளாரா என்ற பெண்ணை ஹென்றி மணந்தார். மூன்று ஆண்டு கழித்து, டெட்ராய்ட் நகரத்தில் எடிசன் கம்பெனியின் மின்சார நிலையத்தில் என்ஜினீயர் வேலையில் சேர்ந்தார். 1893-ம் ஆண்டு நவம்பரில் மகன் எட்சல் பிறந்தான்.

அந்த டிசம்பர் மாதம், கிறிஸ்துமசுக்கு முதல் நாள் இரவு. கிளாரா பண்டிகைச் சமையலில் இருந்தார். ஹென்றி கையில் ஒரு சிறிய என்ஜினுடன் உள்ளே வந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதைப் பலகையோடு சேர்த்து இறுக்கினார். மனைவி சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் ஊற்றவேண்டும். ஹென்றி சக்கரத்தைச் சுற்றுவார்.

என்ஜின் இருமியது, பிறகு ஓடியது. புகையும் நெருப்பும் கிளம்பின. பக்கத்து அறையில் ஆறு வாரக் குழந்தை தூங்கிக்கொண்டு இருந்தது. கிளாரா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லையாம். எத்தனை மனைவிமார் இதைப் பொறுத்துக்கொள்வார்கள்?

அந்த என்ஜினில் இருந்துதான், இரண்டரை ஆண்டு கழித்து, சுவரை இடித்துக்கொண்டு வந்த வண்டி பிறந்தது.

ஆனால் வண்டி செய்வது வேறு, வியாபாரம் செய்வது வேறு. 1899-ல் தொடங்கிய முதல் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவது கம்பெனியில் முதல் போட்டவர்களோடு சண்டை, போர்டு வெளியேறினார். மூன்றாவதாக 1903-ம் ஆண்டு ஜூன் மாதம் 'போர்டு மோட்டார் கம்பெனி' தொடங்கியது. கையில் வந்த ரொக்கம் 28 ஆயிரம் டாலர். முதல் கார் விற்பதற்குள் அது கரைந்து, பாங்கியில் 223 டாலர் 65 செண்டுதான் மிஞ்சியது. அந்த நேரத்தில் சிகாகோ நகர டாக்டர் ஒருவர் கார் வாங்கினார். கம்பெனி பிழைத்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை தம் சேமிப்பில் இருந்து 100 டாலர் போட்டிருந்தார். 1919-ல் போர்டு எல்லாப் பங்குகளையும் தாமே வாங்கியபோது, அந்த 100 டாலருக்கு இரண்டரை லட்சம் டாலருக்குமேல் கிடைத்தது!

'டி' கார் வந்தது

1908-ம் ஆண்டு அக்டோபர் மாதம் போர்டு ஒரு புதிய கார் கொண்டுவந்தார். அதன் பெயர் 'டி'. விலை 850 டாலர். அன்றைய தொழிலாளி ஆண்டு முழுவதும் உழைத்தாலும் அவ்வளவு சேராது. ஆனால் மற்றக் கார்களைப் பார்க்க அது மலிவு.

அது அழகான கார் அல்ல. கிராமத்துக் குதிரை மாதிரி. உயரமாக நிற்கும். மழை பெய்து மண்சாலை சேறானாலும் கடந்து போகும். வனேடியம் கலந்த உருக்கினால் செய்தது. லேசானது, ஆனால் உறுதியானது. கெட்டுப்போனால் உழவரே சுத்தியலும் குறடும் கொண்டு சரிசெய்துகொள்ளலாம்.

அதை ஓட்டுவது மட்டும் ஒரு வித்தை. முன்னால் குனிந்து இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால்தான் என்ஜின் கிளம்பும். சில சமயம் கைப்பிடி திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். பெட்ரோல் தொட்டி ஆசனத்துக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாக வழிந்து என்ஜினுக்குப் போகவேண்டும். செங்குத்தான மேட்டில் ஏறினால் என்ஜின் மேலே போய்விடும், பெட்ரோல் கீழே நின்றுவிடும். என்ன செய்வது? காரைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவார்கள்!

மக்கள் அதைக் கேலி செய்தார்கள். செல்லப்பெயர் வைத்தார்கள். கேலி செய்துகொண்டே வாங்கினார்கள்.

உழவர்கள் அதை வெறும் வண்டியாக வைத்திருக்கவில்லை. பின்சக்கரம் ஒன்றை முட்டுக்கொடுத்துத் தூக்கி, அதில் பட்டை மாட்டுவார்கள். கார் நின்ற இடத்தில் நிற்கும், சக்கரம் சுற்றும். அந்தச் சக்கரத்தால் மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், தானியம் அரைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே கார் குடும்பத்தைக் கோவிலுக்கு ஏற்றிக்கொண்டு போகும்.

அதற்கு முன் அமெரிக்கக் கிராமத்து வாழ்க்கை எப்படி இருந்தது? ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நெடுந்தூரம். பட்டணம் போய்வர ஒரு நாள். குளிர்காலத்தில் பெண்கள் வாரக்கணக்கில் வேறு முகம் பார்க்காமல் வீட்டுக்குள் கிடப்பார்கள். நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், டாக்டர் குதிரை பூட்டி வருவதற்குள் விடிந்துவிடும்.

கார் வந்ததும் அந்தத் தூரம் சுருங்கியது. டாக்டர் ஒரு மணி நேரத்தில் வந்தார். சனிக்கிழமை மாலை குடும்பமே பட்டணத்துக் கடைத்தெருவுக்குப் போனது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லாதவர்கள், குளிக்கத் தொட்டி இல்லாதவர்கள்கூட முதலில் கார் வாங்கினார்கள். சாலை ஓரங்களில் பெட்ரோல் கடை வந்தது, பழுது பார்க்கும் கொட்டகை வந்தது. 1916-ல் சாலை போட மத்திய அரசாங்கம் பணம் கொடுக்கச் சட்டம் வந்தது.

1900-ம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் சுமார் 8 ஆயிரம் கார்கள். 1920-ல் 80 லட்சம்! நல்லது மட்டும் வந்ததா? 1925-ம் ஆண்டில் மட்டும் மோட்டார் விபத்துகளில் 20 ஆயிரம் பேருக்குமேல் மாண்டார்கள்.

93 நிமிடத்தில் ஒரு கார்

கார் மலிவானது எப்படி?

சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களில், வெட்டிய பன்றியைக் கொக்கியில் மாட்டி நகர்த்துவார்கள். வரிசையாக நிற்கும் ஆட்கள் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டுவார்கள். கடைசியில் கொக்கி வெறுமையாக இருக்கும். போர்டு கம்பெனி ஆட்கள் அதைப் பார்த்தார்கள். இதையே தலைகீழாகச் செய்தால் என்ன? வெறும் சட்டம் நகரட்டும். ஆளுக்கு ஒரு உறுப்பு மாட்டட்டும். கடைசியில் கார் நிற்கட்டும்.

1913-ம் ஆண்டு அதைச் செய்து பார்த்தார்கள். முதலில் கயிறு கட்டித்தான் சட்டத்தை இழுத்தார்கள். முன்பு ஒரு காரின் அடிச்சட்டத்தை முழுதாகப் பூட்டிமுடிக்க 12½ மணி நேரம் ஆனது. சில மாதங்களில் அதுவே 93 நிமிடத்தில் முடிந்தது.

காருக்கு நல்ல காலம். தொழிலாளிக்கு?

ஒரே இடத்தில் நிற்கவேண்டும். ஒரே திருகை முடுக்கவேண்டும். காலையில் இருந்து மாலைவரை அதுதான் வேலை. தலை நிமிர்ந்தால் அடுத்த சட்டம் வந்து நிற்கும். ஆட்கள் ஓடிப்போனார்கள். 14 ஆயிரம் பேரை வேலையில் நிறுத்திவைக்க, அந்த ஒரு ஆண்டில் 50 ஆயிரம் பேருக்குமேல் புதிதாகச் சேர்க்கவேண்டி வந்தது.

1914-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, நாடே திடுக்கிடும் அறிவிப்பு ஒன்று வந்தது. அதுவரை 9 மணி நேர வேலைக்கு 2 டாலர் 34 செண்டு கூலி. இனி 8 மணி நேர வேலைக்கு 5 டாலர்!

மற்ற முதலாளிகள் வயிறெரிந்தார்கள். வேலை கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் தொழிற்சாலை வாசலில் குவிந்தார்கள். உடலை உறைய வைக்கும் குளிர். கூட்டம் நெருக்கியது. கலைக்கத் தீயணைக்கும் குழாயால் தண்ணீரைப் பீச்சி அடித்தார்கள். வேலை தேடி வந்தவர்கள் நனைந்த துணியோடு நடுங்கிக்கொண்டு திரும்பினார்கள். 5 டாலர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த 5 டாலரும் சும்மா கிடைக்கவில்லை. கம்பெனி ஆட்கள் தொழிலாளி வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். குடிக்கிறானா, பணம் சேர்க்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா, மனைவியோடு ஒழுங்காக வாழ்கிறானா என்று விசாரிப்பார்கள். குறை கண்டால் முழுச் சம்பளம் இல்லை. சம்பளம் கொடுத்த கை, அடுப்படி வரை நீண்டது.

ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. கார் செய்தவனே கார் வாங்கும் காலம் வந்தது. விலை இறங்கிக்கொண்டே போனது, சம்பளம் ஏறியது. 1925-ல் மிக மலிவான 'டி' கார் 260 டாலர். போர்டு தொழிலாளியின் தினச் சம்பளம் 6 டாலர். 44 நாள் சம்பளம் ஒரு கார்!

தாயின் வீடு

1919-ம் ஆண்டு. டியர்பார்னில் ஒரு சாலையை அகலப்படுத்தத் திட்டம் போட்டார்கள். கார்கள் பெருகிவிட்டன, சாலை போதவில்லை. சாலை வரும் வழியில் ஒரு பழைய பண்ணை வீடு இருந்தது.

அது ஹென்றி பிறந்த வீடு.

அவருடைய கார்கள் ஓடுவதற்காக அவருடைய தாயார் வாழ்ந்த வீடு இடிபடவேண்டும்! போர்டு அந்த வீட்டை அப்படியே பெயர்த்து 200 அடி தள்ளி வைத்தார். அதோடு விடவில்லை. 1876-ல், தாய் இறந்த ஆண்டில், வீடு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கப் புறப்பட்டார். பழைய இடத்து மண்ணைத் தோண்டி, உடைந்த தட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, அதே பூவேலையில் புதுத்தட்டுகள் செய்யச் சொன்னார். அதே மாதிரி அடுப்புக்காக ஊர் ஊராகத் தேடச் செய்தார்.

பிறகு அதுவே பித்தானது. பழைய பள்ளிக்கூடம், பழைய கொல்லன் பட்டறை, பழைய குதிரை வண்டிகள் என்று வாங்கிக் குவித்து ஒரு கிராமத்தையே கட்டினார். 1929-ல் அது திறக்கப்பட்டது. எந்த உலகத்தை அவருடைய கார் துரத்தியதோ, அந்த உலகத்தை அவர் வேலி போட்டுக் காத்தார்.

மாற மறுத்தவர்

காரிலும் அதே பிடிவாதம். 'டி' காரை மாற்றக்கூடாது. ஒருமுறை அவர் ஐரோப்பா போயிருந்தபோது என்ஜினீயர்கள் புதுமாதிரி கார் ஒன்று செய்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்த போர்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைப் பிடுங்கினார், கண்ணாடியை உடைத்தார். யாரும் மூச்சு விடவில்லை என்று சொல்வார்கள். 1914 முதல் பத்து ஆண்டுகளுக்குமேல் 'டி' காருக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறமே இல்லை.

போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? செவ்ரலே கார் பல நிறங்களில் வந்தது. பொத்தானை மிதித்தால் கிளம்பியது. தவணையில் பணம் கட்டலாம். கார் ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு இப்போது அழகான கார் வேண்டும். அந்த ஆசையைக் கிளப்பியவர் போர்டுதான். அதைப் புரிந்துகொள்ளாதவரும் அவர்தான்.

1927-ம் ஆண்டு மே மாதம், ஒன்றரைக் கோடியாவது 'டி' கார் வெளிவந்தது. தகப்பனும் மகனும் அதில் ஏறி ஓட்டிப்போனார்கள். அதோடு 'டி' காரின் கதை முடிந்தது. புதிய கார் வர ஆறு மாதம் ஆனது. அதுவரை பல்லாயிரம் தொழிலாளிகளுக்கு வேலை இல்லை.

அவருடைய இன்னொரு பக்கம் கறுத்தது. தம் சொந்தப் பத்திரிகையில் 1920-ல் தொடங்கி யூதர்கள்மேல் விஷம் கக்கும் கட்டுரைகளை வெளியிட்டார். 1927-ல் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 1938-ல் ஹிட்லர் அரசாங்கம் அனுப்பிய பதக்கத்தை வாங்கிக்கொண்டார். தொழிற்சங்கம் என்றால் அவருக்கு ஆகாது. 1937-ல் தொழிற்சாலைக்கு வெளியே ஒரு பாலத்தில், சங்கத் தலைவர்களைக் கம்பெனி அடியாட்கள் ரத்தம் சொட்ட அடித்தார்கள். 1914-ல் 5 டாலர் கொடுத்த மனிதர், 1941-ல்தான் சங்கத்தோடு கையெழுத்துப் போட்டார்.

மகன் எட்சல் 25 வயதில் கம்பெனித் தலைவர் ஆனார். பெயருக்குத்தான் தலைவர். மகன் போடும் உத்தரவைத் தகப்பனார் மாற்றுவார். மற்றவர்கள் முன்னால் மட்டம் தட்டுவார். எட்சல் எதிர்த்துப் பேசாத பிள்ளை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார். 1943-ம் ஆண்டு மே மாதம், வயிற்றில் புற்றுநோய் கண்டு, 49 வயதில் இறந்தார். என்ஜின் புகைக்கு நடுவே தூங்கிய அந்தக் குழந்தை, தகப்பனுக்கு முன்னால் போய்விட்டது. கிழவர் மறுபடியும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உடலும் மனமும் தளர்ந்துவிட்டன. இரண்டு ஆண்டு கழித்து, பேரன் கையில் கம்பெனி போனது.

1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றில் வெள்ளம். 83 வயதுப் போர்டு பகலில் காரில் போய் வெள்ளச் சேதத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளத்தில் வீட்டு மின்சாரம் நின்றது. டெலிபோனும் வேலை செய்யவில்லை. மெழுகுவர்த்தியும் மண்எண்ணெய் விளக்கும் ஏற்றி வைத்தார்கள்.

இரவில் அவருக்கு மூச்சுத் திணறியது. கிளாரா தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டரைக் கூப்பிட வீட்டில் டெலிபோன் இல்லை. டிரைவர் ஓடிப்போய்க் காரைக் கிளப்பினார். டெலிபோன் உள்ள இடத்துக்குக் கார் பறந்தது. டாக்டரும் காரில் விரைந்து வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது போர்டு இறந்துவிட்டார்.